பாட்டுக்குக் கீழே உம்மாவின் குரல்

அத்தியாயம் பன்னிரண்டு

வெள்ளிக்கிழமை காலையில் அஃப்ராஸின் வொய்ஸ் மெசேஜ் வந்தபோது ஷஸ்னா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வலது கை முழுக்கத் தேங்காய்ப்பூ. இடது கைச் சின்ன விரலால் போனைத் தட்டிவிட்டு, துருவு பலகையில் குந்தியபடியே கேட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. ஒரு விஷயம். இனிமே வீடியோவில மியூசிக் போட வேணாம். நம்மட றூமுக்கு ஒரு ஹஸ்ரத் வந்து பயான் பண்ணினார். மியூசிக் ஹராம்தானே. தெரிஞ்சுகொண்டும் கேக்க மனசு வருதில்ல. இண்டைக்கு அனுப்புறதில உம்மாட குரல் மட்டும் வந்தாப் போதும். கிளியரா."

துருவுகிற கை நின்றுவிட்டது.

பாலாவிச் சந்தியில் நல்ல பாட்டுப் போகிற பஸ் வரும்வரை மற்ற பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு நின்றவன் அவளுடைய நானா, இந்த அஃப்ராஸ். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் அவன் போனில் ஓடும் பாட்டு நுழையும். அப்படிப்பட்டவனுக்கு சவூதியில், தம்மாமில் வைத்து, அல்லாஹ் நேர்வழி காட்டும் ஹிதாயத்தைக் கொடுத்துவிட்டான். யார் என்ன சொல்ல முடியும்? கொடுத்த நேரம்தான் ஷஸ்னாவின் தலையில் வந்து விடிந்தது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அந்தக் கை ஏன் நின்றது என்று தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு உம்மா பளீலாவின் குரல் கம்மத் தொடங்கியது. கொத்தமல்லி அவித்துக் குடித்தாள், தேன் குடித்தாள், ஓதி ஊதிய தண்ணீரும் குடித்தாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை. கடைசியில் கொழும்பில் ஒரு டொக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையில் வளர்ந்திருப்பது கெட்ட கட்டி என்றார். குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும். எடுத்தால் உயிருக்கு வழி இருக்கிறது, குரலுக்கு இல்லை. பிறகு கழுத்தில் போடும் துளையால்தான் மூச்சு. நாளை விடிய சுபஹுத் தொழுதுவிட்டு கொழும்புக்கு வேன் ஏற வேண்டும். திங்கட்கிழமை ஒப்பரேஷன்.

இதில் ஒரு சொல்லும் அஃப்ராஸுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது பளீலாவின் உத்தரவு. முன்பு ஒருமுறை வாப்பா உப்பளத்தில் வழுக்கி விழுந்த செய்தி கேட்டு, கத்தாரில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவன் அவன். வந்து பார்த்தால் வாப்பா காலில் கட்டோடு சோறு தின்றுகொண்டிருந்தார். அதன் பிறகு வேலை இல்லாமல் சந்திக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் மனிதனே பாதியாகிப் போனான். மதுரங்குளியில் இருக்கிற மனைவி வீட்டாரின் முகத்தைப் பார்க்கவே கூசினான். இப்போதைய வேலை, மனைவி ஃபர்ஸானாவின் நானா நளீம் தன் வாய்ப்பொறுப்பில் எடுத்துக் கொடுத்தது.

"என்னால அந்தப் புள்ள இன்னொருக்கா வந்து சந்தியில நிக்கக்கூடாது. எல்லாம் முடிஞ்ச பொறகு சொல்லுங்க" என்று பளீலா சொல்லிவிட்டாள். அப்போது அப்படிச் சொல்லுமளவுக்குக் குரல் இருந்தது.

சொல்லுவது எளிது. மறைக்கிற வேலை ஷஸ்னாவுடையது.

அஃப்ராஸின் அறையில் லைன் இழுக்கும். கோல் எடுத்தால் முகம் உறைந்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் வீட்டு வீடியோ ஒன்றை ஷஸ்னா எடுத்து, வெட்டி ஒட்டி அனுப்புவது வழக்கமாகியிருந்தது. அக்கம்பக்கத்தில் பெயர் சூட்டு, மத்ரஸா விழா என்று வந்தாலும் அவளிடம்தான் போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பேச்சு வரும்போது பாட்டு இறங்க வேண்டும், பேச்சு முடிந்ததும் ஏற வேண்டும். பேச்சை நூறில் வைத்தால் பாட்டை இருபதுக்கு மேல் விடக்கூடாது. காதில் மாட்டி ஒருமுறை கேட்க வேண்டும், போனை மேசையில் வைத்து வெளியில் இன்னொருமுறை கேட்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

உம்மாவின் தொண்டை கம்மியதும் அந்தக் கணக்கை அவள் தலைகீழாக்கினாள். முதலில் பாட்டு முப்பதுக்கு ஏறியது. குரல் கரகரத்த வாரம் ஐம்பதுக்கு ஏறியது. போன வாரம் பாட்டு தொண்ணூறில் இருந்தது, உம்மா பத்தில் இருந்தாள். உம்மாவின் உதடு அசையும், கை அசையும், கண் சிரிக்கும். மேலே வயலினும் புல்லாங்குழலும் போட்டி போடும்.

"பாட்டுக் கொஞ்சம் கூடிப் போச்சு தங்கச்சி, உம்மா சொல்றது வெளங்குதில்ல" என்று அஃப்ராஸ் சொல்லுவான். "ஓம் நானா, அடுத்த முறை கொறைக்கிறன்" என்று இவள் சொல்லுவாள். அடுத்த முறை கூட்டுவாள்.

இப்போது பாட்டே வேண்டாம் என்றால் எதைக் கூட்டுவது?

கையைக் கழுவிவிட்டு வந்து பதில் அனுப்பினாள். "நானா, மியூசிக் இல்லாத கஸீதா ஒண்டு போடவா? வெறும் வாய்ப்பாட்டுத்தான்."

பதில் உடனே வந்தது. "கஸீதாவ நான் யூடியூப்பில கேட்டுக்குவன். எனக்கு உம்மாட சத்தம்தான் வேணும். அதுக்கு மேல ஒண்டும் வேணாம்."

---

அத்தாஉல்லா ஜும்ஆத் தொழுகைக்குப் போகக் குளித்துவிட்டு வந்தபோது, மகள் கதிரையில் கால் இரண்டையும் தூக்கிவைத்து, காதில் ஒயர் மாட்டி, அழுகிற முகத்தோடு இருந்தாள்.

"என்ன மகள்?"

விஷயத்தைச் சொன்னாள். உள்ளே கட்டிலில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த பளீலாவுக்கும் கேட்டது. எழுந்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள்ளும் கழுத்தை மூடிக்கொண்டு திரிய இப்போது பழகிவிட்டாள்.

"பழைய வீடியோவில உம்மாட சத்தம் நல்லா இருக்குமே. அத எடுத்து இதுக்கு ஒட்டேலாதா?" என்றார் அத்தாஉல்லா.

"அதத்தான் வாப்பா காலையில இருந்து பாத்துட்டு இருக்கன். போன் நெறஞ்சிட்டு எண்டு எடுத்தது எல்லாத்தையும் அழிச்சிட்டன். செஞ்சு முடிச்சதுதான் இருக்கு. எல்லாத்துக்கும் பாட்டுப் போட்டிருக்கன்."

"பாட்ட மட்டும் களட்டு."

"கலந்தா கலந்ததுதான் வாப்பா. பிரிக்கிற ஆப் ஒண்டும் போட்டுப் பாத்தன். இந்தா கேளுங்க."

ஒயரைக் கழற்றிவிட்டு வெளியில் ஓடவிட்டாள். பாட்டு போய்விட்டிருந்தது. மிஞ்சியது பால்மா டின்னுக்குள் இருந்து யாரோ பேசுவது போல இருந்தது. அது பளீலா என்று சொன்னால் பளீலாவே நம்ப மாட்டாள்.

"தண்ணியில கரைஞ்ச உப்பே வெயில் பட்டாப் பிரியுது. இது பிரியாதா?" என்றார் அத்தாஉல்லா. உப்பளத்திலேயே நரைத்த மனிதர், வேறு எதைச் சொல்லுவார்?

நானாவின் கல்யாண வீடியோவையும் தேடிப் பார்த்திருந்தாள். ஸ்டூடியோக்காரர்கள் பிஸ்மில்லாஹ்விலிருந்து கடைசிவரை பாட்டை ஓடவிட்டிருந்தார்கள். உம்மா அதில் வாயை அசைத்துக்கொண்டே போனாள்.

ஷஸ்னா போனை மடியில் வைத்தாள். "உம்மா, நான் ஒண்டு சொல்லட்டா? நானாட்ட உண்மையச் சொல்லிருவம். அவர் என்ன சின்னப் புள்ளயா?"

பளீலா வேகமாகத் தலையை ஆட்டினாள். ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். குரல் வருவதற்கு முன்னால் மூச்சுத்தான் வந்தது. பிறகு காய்ந்த ஓலையைத் தரையில் இழுக்கிற மாதிரி, "வந்துருவான்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு நெற்றியில் வியர்வை பூத்துவிட்டது.

"அப்ப இண்டைக்கு அனுப்பாம விடுவம்."

"அனுப்பாட்டிச் சந்தேகப்படுவான்" என்றார் அத்தாஉல்லா. "இனி ஒரு மாசத்துக்கு அனுப்பேலாது. கொழும்பு மாமி வீட்டுக்குப் போறம், அங்க லைன் இல்ல எண்டு சொல்றதெண்டா, இண்டைக்கு ஒண்டு போய்த்தான் ஆகணும்."

கொழும்பில் லைன் இல்லையாம். பொய்க்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா? ஷஸ்னாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் அழுகையாக மாறிவிட்டது.

அத்தாஉல்லா தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலிப் படலைவரை போனார். திரும்பி வந்தார். முற்றத்துத் தென்னை தலையை விரித்து ஆடுவதைப் பார்த்தபடி நின்றார்.

"மகள், உப்பளத்துக்குப் போய் எடுப்பம். அசர் தொழுதிட்டு, பின்னேரம். இந்தக் கச்சான் காத்துல பக்கத்துல நிக்கிற ஆள் கத்தினாலும் வெளங்காது. நீ ஒண்டும் போடத் தேவல்ல. காத்துச் சத்தம் ஹராமா என்ன?"

ஷஸ்னா அவரை அண்ணாந்து பார்த்தாள். இந்த மனிதருக்கு இப்படியும் மூளை வேலை செய்யுமா என்று இருந்தது.

---

ஊர்க்கார ஃபைஸல் ஓட்டி வந்த த்ரீவீல் உப்பளத்து வரம்பில் போகும்போதே காற்று பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. உப்புக் குவியல்களுக்குப் போட்டிருந்த ஓலைக் கிடுகுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. பளீலா இறங்கியதும் பர்தா காற்றில் ஊதிப் பறந்தது. அத்தாஉல்லா ஓடிப் போய் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

ஷஸ்னா காற்று வரும் பக்கமாக நின்று, போனைப் பிடித்து ஒரு துண்டு எடுத்துக் கேட்டாள். அருமை. ஊ என்ற இரைச்சல்தான். ஒரு பாட்டாலும் இவ்வளவு சுத்தமாக மூட முடிந்ததில்லை.

"உம்மா, கொஞ்சம் அங்கால. வெள்ளை உப்பு பின்னுக்குத் தெரியட்டும். வாப்பா, நீங்க உம்மாட தோளுக்குப் பின்னால நில்லுங்க, பர்தாவ விட்டுராதீங்க. உம்மா, வழமையாச் சொல்றதச் சொல்லுங்க. கன நேரம் வேணாம்."

வழமையாகச் சொல்லுவது ஊருக்கே தெரியும். சாப்பிட்டியா மகன், தொழுறியா மகன், ஃபர்ஸானாவுக்கு கோல் எடுத்தியா மகன். இந்த மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டு பளீலா கையை ஆட்டுவாள். வீடியோ முடிந்தது.

ஷஸ்னா அழுத்தினாள்.

பளீலா பேசத் தொடங்கினாள். போனின் சின்னக் கண்ணாடியில் அவளுடைய முகம் நன்றாக இருந்தது. அசர் வெயில் கன்னத்தில் பட்டு, நோயில் விழுந்த வருத்தக்காரி என்று யாரும் சொல்ல முடியாதபடி இருந்தது. ஷஸ்னாவுக்கு அதுதான் வேண்டும். உப்புக் குவியல் சரியாகத் தெரிகிறதா, கழுத்து மூடியிருக்கிறதா, காற்று குறையாமல் அடிக்கிறதா, இவற்றைத்தான் அவள் பார்த்தாள். இடையில் ஒருமுறை காற்று கொஞ்சம் தணிந்தபோது அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. நல்ல வேளையாக உடனே திரும்பி வீசியது.

மூன்று கேள்விக்கான நேரம் கடந்துவிட்டது. பளீலா நிறுத்தவில்லை.

"போதும் உம்மா!" என்று ஷஸ்னா கத்தினாள். கையாலும் காட்டினாள்.

பளீலா உள்ளங்கையைத் தூக்கி, பொறு என்றாள். பேசிக்கொண்டே போனாள். கண்ணை எடுக்காமல், போனுக்குள் மகன் இருக்கிற மாதிரியே அதைப் பார்த்துப் பேசினாள். யாருக்கும் கேட்காது என்கிற தைரியமோ, இனிப் பேச முடியாது என்கிற அவசரமோ. நடுவில் மூச்சு வாங்கினாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் தொடங்கினாள். கடைசியில் கையை நெஞ்சில் வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரித்தாள்.

ஷஸ்னா நிறுத்தினாள். "சூப்பர் உம்மா! ஒரு சத்தமும் வெளங்கல்ல!"

வாப்பாவும் சந்தோஷப்படுவார் என்று திரும்பினாள். அத்தாஉல்லா பர்தாவின் நுனியைப் பிடித்தபடியே முகத்தை உப்பளத்துப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார். உப்பு வெளிச்சத்தில் கண் கூசியிருக்கும் என்று அவள் நினைத்தாள்.

வழியில் ஃபைஸல் உப்பு விளைச்சல் பற்றி ஏதோ கேட்டான். அத்தாஉல்லா த்ரீவீலுக்குள்ளும் பர்தாவின் நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

---

வெட்டவும் ஒட்டவும் ஒன்றும் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஷஸ்னா அப்படியே அனுப்பிவிட்டாள். "நானா, மியூசிக் போடல்ல. உப்பளத்துல எடுத்தது. கொஞ்சம் காத்துதான். நாளைக்கு கொழும்பு மாமி வீட்டுக்குப் போறம், அங்க லைன் இல்ல, ஒரு மாசத்துக்கு வீடியோ வராது" என்று கீழே எழுதினாள். அனுப்பி முடித்ததும் தலையிலிருந்து பெரிய சுமை இறங்கியது போல இருந்தது. ஒரு மாதத்துக்குத் தொல்லை இல்லை.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது முதுகுப் பக்கம் யாரோ மெதுவாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. பளீலா மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன உம்மா? கூப்பிடலாமே."

பளீலா வாயைத் திறந்தாள். ஷஸ்னா என்று உதடு சொன்னது. காற்று மட்டும் வந்தது. இன்னொருமுறை, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள். காலையில் இருந்த அந்த ஓலைச் சத்தமும் இல்லை. உப்பளத்திலேயே அவ்வளவையும் கொட்டித் தீர்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

பளீலா பரவாயில்லை என்று கையை ஆட்டினாள். சீனி போதும் என்று காட்டினாள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

ஷஸ்னாவின் கையிலிருந்த கரண்டி கோப்பைக்குள் விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் நானாவின் காதுக்கு உம்மாவின் குரல் போகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் புதைத்தாளே, அது தன் காதுக்கும் இனி இல்லை. பிறந்த நாளிலிருந்து கேட்ட குரல். திட்டின குரல், யாஸீன் ஓதின குரல். அதை ஓர் இடத்திலும் ஒழுங்காக வைத்திருக்கவில்லை. ஊரார் வீட்டுப் பேச்சையெல்லாம் தெளிவாக எடுத்துக் கொடுத்தவள், தன் வீட்டுப் பேச்சை மட்டும் தொலைத்துவிட்டாள். கடைசியாக உம்மா மனம் திறந்து பேசியபோது, எதிரிலேயே நின்று உப்புக் குவியல் தெரிகிறதா என்று பார்த்தாள். சீ என்று இருந்தது அவளுக்கு.

போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒயரைக் காதில் குத்தினாள். குரலை நூறுக்கு ஏற்றினாள், காற்றும் நூறுக்கு ஏறியது. இரைச்சல் குறைக்கிற பட்டனை அழுத்தினாள். காற்று போனது, கூடவே உம்மாவும் போனாள். கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள். காற்று தணிந்த அந்த ஓர் இடத்தில், அவள் நெஞ்சு திக்கென்ற அதே இடத்தில், "மகன்" என்று ஒரு சொல் கேட்டது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை.

அந்த இடத்தில் காற்று இன்னும் கொஞ்சம் தணிந்திருக்கக்கூடாதா?

அத்தாஉல்லா மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்துவிட்டு, சட்டைக் கையை இறக்கிக்கொண்டே வந்தார்.

"வாப்பா, நீங்க உம்மாட வாய்க்குப் பக்கத்துல நிண்டீங்க. காத்தும் ஒங்கட பக்கம்தான் அடிச்சது. உம்மா என்ன சொன்னா?"

அவர் மகளைப் பார்த்தார். கட்டிலில் இருந்த மனைவியைப் பார்த்தார். பளீலா தஸ்பீஹை நிறுத்திவிட்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல, வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

"பாங்கு சொல்லிட்டாங்க" என்றார் அத்தாஉல்லா. செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு, அது தெரியாமலே படலையைத் திறந்து போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் சிணுங்கி, வொய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது. அஃப்ராஸ். ஷஸ்னா ஒயரைக் கழற்றிக் கட்டிலில் எறிந்திருந்தாள். தட்டியதும் அவனுடைய குரல் அறை முழுக்கக் கேட்டது. அவனுடைய குரலுக்கு என்ன, கணீரென்று இருந்தது.

"மாஷா அல்லாஹ் தங்கச்சி, உம்மா நல்ல வடிவா இருக்கா. சிரிக்கிறத இப்ப நாலஞ்சு தரம் பாத்துட்டன். ஆனா காத்துச் சத்தம்தான் கேக்குது, ஒரு சொல்லும் வெளங்கல்ல. உம்மா கன நேரம் என்னமோ சொல்றா. பரவால்ல. கொழும்பால வந்த பொறகு வீட்டுக்குள்ள வெச்சு, அதையே இன்னொருக்காச் சொல்லச் சொல்லி எடுத்து அனுப்பு. அவசரமில்ல."

ஷஸ்னாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பளீலா கட்டிலிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து, போனைப் பார்த்து, ஓம் என்று தலையாட்டினாள்.